பலாப்பழமும் பின்கண்ணாடியும்

கேள்வி: மின்சார காரின் பின்கண்ணாடி மேல் பலாப்பழம் விழுந்துவிட்டது. மாற்றும்போது ஷாக் அடிக்குமா? – ஒரு வாசகர், ஆனைக்கரை

பதில்: அடிக்கும், பில்லைப் பார்க்கும்போது! பல நூறு வோல்ட் பேட்டரி இருப்பது காரின் தரைக்கடியில். பின்கண்ணாடியில் பனி நீக்கும் கோடுகளுக்குப் பெரும்பாலான கார்களில் 12 வோல்ட்தான்.

முன்கண்ணாடி நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால் விரிசலோடு நிற்கும். பின்னது பெரும்பாலும் டஃபன்ட் கண்ணாடி, கற்கண்டாக உதிரும். டிக்கி இடுக்கு வரை வாக்குவம் போட்டாக வேண்டும். புதியதை ஒட்டிய பசை இறுகும்வரை டிக்கியை அறைந்து சாத்தக் கூடாது. மூணாறு பனியில் ஏறுகிறவர், பட்டறையிலேயே பனி நீக்கும் கோடுகள் சூடாகின்றனவா என்று தொட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தத் தொல்லையே இல்லாத மின்சார காரும் உண்டு: 2023இல் அறிமுகமான போல்ஸ்டார் 4 காரில் பின்கண்ணாடியே கிடையாது, கேமராதான்.

இந்தியாவில் முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. ஆனால், கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். கணக்குப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.