கூடத்தில் ஒரு குறி

கே: வீட்டுக்குள்ளேயே துப்பாக்கி சுட்டு விளையாடுவார்களாமே, நிஜமா? (கும்பகோணம் வாசகர்)

ப: நிஜம்தான். பாரிஸ்காரர் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் 1845-ல் தட்டினால் வெடிக்கும் வெறும் கேப்பின் வாயில் சின்ன ஈயக்குண்டை அழுத்தி ஒரு தோட்டா செய்தார். மருந்து போடவே இல்லை. கேப் வெடிக்கிற உதையிலேயே குண்டு கிளம்பிவிடும். தீபாவளிப் பொட்டு வெடிக்கு முன்னால் குண்டு வைத்த மாதிரி. ஐரோப்பியச் சீமான்கள் விருந்து முடிந்ததும் வரவேற்பறையிலேயே அட்டை மாட்டிச் சுட்டார்கள். நம் வீடுகளில் வெற்றிலைத் தட்டு வரும் நேரம் அது. பவேரியாவில் சத்திரங்களுக்குள்ளேயே 15 மீட்டர் தூரத்தில் 4 மில்லிமீட்டர் குண்டால் போட்டி வைத்தார்கள். ஜெர்மனியில் அது இன்றைக்கும் நடக்கிறது. பீர் குடித்தது சுடுவதற்கு முன்பா பின்பா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கே: ரிம்ஃபயர் தோட்டா என்றால்?

ப: பித்தளைக் கூட்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மெல்லிய விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். தட்டினால் பற்றும் கலவை அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. துப்பாக்கி ஊசி நடுவில் குத்தாது, ஓரத்தை நசுக்கும். நசுங்கியதை மறுபடி நிரப்ப வழியில்லை. குப்பைக்குத்தான். பாயிண்ட் 22 தோட்டாவும் இந்த ரகம்தான்.

கே: ஒரே பாயிண்ட் 22 துப்பாக்கி. ஒரு தோட்டா காதைக் கிழிக்கிறது, இன்னொன்று தும்மல் அளவுகூட இல்லை. ஏன்?

ப: சத்தம் இரண்டு வகை. குழல் வாயில் பீறிடும் வாயு ஒன்று. குண்டு ஒலியை முந்தும்போது காற்றில் எழும் 'சடார்' இன்னொன்று. ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். வேகமான 'லாங் ரைஃபிள்' ரகத் தோட்டா 380-ஐத் தொடும். போட்டித் தோட்டாவை வேண்டுமென்றே 330-ஐ ஒட்டி அடக்கி வைப்பார்கள், ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும்போது பாதி வழியில் குண்டு தள்ளாடக் கூடாதே! சி.பி. கேப் என்ற மெதுவான தோட்டா 215-ஐ ஒட்டிப் போகும். மெக்சிகோவின் அகிலா நிறுவனம் செய்யும் கொலிப்ரி இன்னும் சாது, சுமார் 120 தான். அதிலும் மருந்து கிடையாது. குழல் நீளமாக இருந்தால் வாயு உள்ளேயே விரிந்து தணிந்து, சத்தம் மேலும் குறையும்.

கே: அப்படியானால் கொலிப்ரியை நீளமான ரைஃபிளில் போட்டால் சத்தமே வராதே?

ப: சத்தம் வராது. குண்டும் வராமல் போகலாம். குழலின் உராய்வைத் தாண்ட அதற்குத் தெம்பு போதாமல் பாதியிலேயே உட்கார்ந்துவிடலாம். அதனால்தான் ரைஃபிளில் போடாதே என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். உட்கார்ந்திருப்பது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கிவிடும். அட்டையில் ஓட்டை விழவில்லையென்றால் உங்கள் குறியைத் திட்டிக்கொள்வதற்கு முன் சுடுவதை நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, துடைக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பாருங்கள். கம்பி மறுமுனையில் தலைகாட்ட வேண்டும்.

கே: இவ்வளவு சாதுவான தோட்டாவால் என்ன கெடுதி வந்துவிடும்?

ப: கண் போகும், உயிரும் போகலாம். மெதுவாகப் போகிற ஈயக்குண்டு கெட்டிப் பலகையில் பட்டுச் சுட்டவரையே தேடி வரும். குண்டைக் கீழே திருப்பிவிடும் சாய்ந்த இரும்புத் தகடும் சேகரிப்புப் பெட்டியும் இல்லாமல் இந்த விளையாட்டே கூடாது. இன்னொன்று யாருக்கும் தோன்றுவதில்லை. குண்டில் ஈயம், பற்றவைக்கும் கலவையிலும் பெரும்பாலும் ஈயம். மூடிய அறையில் அது நுண்தூளாக மிதந்து நுரையீரலுக்குப் போகும். காற்றை வெளியே இழுக்கும் ஏற்பாடு வேண்டும். கை கழுவாமல் முறுக்கைத் தொடாதீர்கள்.

கே: எங்கள் ஃபிளாட்டில் பழகலாமா?

ப: பழகலாம், கேரம். பாயிண்ட் 22-க்கு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். லண்டன் ஒலிம்பிக்கில் 2012-ல் விஜய் குமார் வெள்ளி வாங்கியதும், பாரிஸில் 2024-ல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் இந்தப் பொடித் தோட்டாவால்தான்.

கே: ஷெர்லாக் ஹோம்ஸ் வீட்டுச் சுவரையே சுட்டாரே?

ப: மகாராணியின் பெயரெழுத்துகளைச் சுவரில் தோட்டாவாலேயே பொறித்தார். அதுவும் ரிம்ஃபயர் அல்ல, நடுவில் பற்றும் பாக்ஸர் தோட்டா! துப்பாக்கிப் பழக்கமெல்லாம் திறந்த வெளியில்தான் என்பது அவர் நண்பர் வாட்சனின் கட்சி. வீட்டுக்கார அம்மாள் ஹட்சன் ஏன் காலி செய்யச் சொல்லவில்லை என்பதற்கு இன்னொரு கதையில் பதில் இருக்கிறது. ஹோம்ஸ் வாடகையை அள்ளிக் கொடுத்தாராம்.