ஸ்பான்சர் மலையேறுகிறார்

வடதாய்லாந்தின் மலையினப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வெளிநாட்டு ஸ்பான்சர் நவம்பரில் வரத் தொடங்கி பிப்ரவரியில் ஓய்கிறார். அது குளிர்காலம், வானம் தெளிந்திருக்கும், படம் நன்றாக விழும். மார்ச், ஏப்ரலில் சியாங் ராய் மலைகளில் காடும் அறுத்த வயலும் எரிந்து, புகை கண்ணைக் கரிக்கும். அப்போது அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். தாய்லாந்துப் பள்ளிகளுக்கு மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை நீண்ட விடுமுறை. ஆகவே ஸ்பான்சர் வரும்போதெல்லாம் பள்ளி நடந்துகொண்டிருக்கும். ஆனால் அவர் வரும் நாளெல்லாம் அவருக்காகவே பிள்ளைகளுக்கு லீவு.

சிங்கப்பூர், மெல்பர்ன், ஹாம்பர்க் என்று எங்கிருந்தும் அவர் வரலாம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ துறைமுகத்திலோ பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்று, அதட்டுவதற்கு ஆள் இல்லாத குறை இன்னும் தீராதவர். சட்டைப்பையில் தம் பிள்ளையின் படத்தை லேமினேட் செய்து வைத்திருப்பார். படம் எடுத்துச் சில வருடம் ஆகிவிட்டது. நேரில் நிற்கும் பிள்ளை அதற்குள் வளர்ந்துவிட்டதில் அவருக்கு லேசான வருத்தம். பெட்டியில் சாக்லேட்டும் கலர் பென்சிலும் இருக்கும். பாரம்பரிய உடையில் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பார். பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியில் வெள்ளிக்காசு கோத்த ஆக்கா இனத் தலையணி ஒன்றுதான் இருந்தால் ஹ்மாங் இனப் பிள்ளையும் அதையே மாட்டிக்கொண்டு நிற்கும். வித்தியாசம் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்வதும் இல்லை.

அவர் பணம் எதற்கு ஆகிறது என்பதில் ஒரு பொதுவான தவறு உண்டு. பள்ளிச் சம்பளத்துக்கு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். தாய்லாந்தின் 1997 அரசியல் சட்டமே 12 ஆண்டு இலவசக் கல்வியை உறுதி செய்தது. 2009-இல் அது 15 ஆண்டாயிற்று. குடியுரிமை இல்லாத பிள்ளைகளுக்கும் 2005-இல் பள்ளிக் கதவு திறந்தாயிற்று. சிக்கல் தூரத்தில் இருக்கிறது. மலைக்கிராமப் பள்ளி பெரும்பாலும் ஆறாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் ஊருக்கு இறங்கி, விடுதியில் தங்க வேண்டும். அந்த விடுதியின் அரிசி, பாய், போர்வை, வேன் வாடகை, இவைதான் ஸ்பான்சரின் பணம். கல்விக்கண் திறந்ததாக அவர் எண்ணியிருக்க, உண்மையில் சோறு போட்டிருக்கிறார். எதுவும் குறைந்த தர்மமில்லை, ஆனால் ‘போர்வை வாங்கினேன்’ என்று ஊரில் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ருசி இல்லை.

மற்ற பழக்கங்கள் இருக்கட்டும். ஸ்பான்சரை ஸ்பான்சர் ஆக்குவது ஒரு கேள்வி. பெண் பார்க்க வந்த வீட்டைப் போலப் பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து, தலைவாரிய பிள்ளையை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதும் அவர் கேட்பார்: “படித்து என்ன ஆகப்போகிறாய்?” அம்மா அப்பா எப்படி இருக்கிறார்கள், காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதெல்லாம் அப்புறம், பல சமயம் அப்புறமும் இல்லை.

கேள்வி ஆங்கிலத்தில் புறப்படும். விடுதிக் காப்பாளர் (பிள்ளைகள் வாயில் ‘க்ரூ’, வாத்தியார்) அதைத் தாய்லாந்து மொழிக்கு மாற்றுவார். புதிதாக இறங்கிய சின்னப் பிள்ளையென்றால், பக்கத்தில் நிற்கும் பெரிய பெண் ஆக்கா மொழியிலோ லாஹூ மொழியிலோ அதன் காதில் சொல்வாள். பிள்ளை தரையைப் பார்க்கும். ஸ்பான்சர் அதே கேள்வியை இன்னும் மெதுவாக, இன்னும் உரக்கக் கேட்பார். ஆங்கிலத்தைச் சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. எதிரில் நிற்கும் பெண்ணுக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, சந்தையில் வடதாய்லாந்துப் பேச்சு. மே சலோங் பக்கத்தவளாக இருந்தால், யுன்னான் சீனர் நடத்தும் மாலைப் பள்ளியில் கற்ற சீனமும் சேரும். அவளுக்கு மொழி வரவில்லையே என்று கவலைப்படுகிறவர் ஒரே மொழியில் கவலைப்படுகிறார்.

பதில் வராவிட்டால் அவரே எடுத்துக்கொடுப்பார்: “டாக்டர்? டீச்சர்? நர்ஸ்?” மூன்றில் ஒன்றுக்குத் தலையாட்டினால் விடுவார்.

அனுபவப்பட்ட க்ரூ இதை எதேச்சையாக விடுவதில்லை. ஒருமுறை பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக டாக்டர் என்று சொல்லி, விருந்தாளியின் முகம் சந்தேகத்தில் சுருங்கியது உண்டு. அதற்குப் பின் முதல் நாள் இரவே பங்கீடு நடந்துவிடும்: டாக்டர் இரண்டு, டீச்சர் நான்கு, நர்ஸ் மூன்று, போலீஸ் ஒன்று. விமானி ஒருவன் இருந்தால் பட்டியலுக்கு ஒரு களை. பங்கீட்டை மீறி எவனாவது “பந்து விளையாடுவேன்” என்றால், க்ரூவின் மொழிபெயர்ப்பில் அது “உடற்கல்வி ஆசிரியர்” ஆகும்.

ஒரு விடுதியில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி செவன் இலெவனில் வேலைக்குப் போவேன் என்றாள். நாடெங்கும் 14,000-க்கும் மேல் கிளை உள்ள கடை அது. அவள் காரணத்தோடு சொன்னாள்: ஏசி உண்டு, கடையே சட்டை தரும், எந்த ஊருக்குப் போனாலும் வேலை இருக்கும், இரவிலும் விளக்கு எரியும். டாக்டர் என்ற யாரும் அவ்வளவு யோசித்திருக்கவில்லை. க்ரூ தொண்டையைச் செருமிக்கொண்டு, “வணிக நிர்வாகம் படிக்க விரும்புகிறாள்” என்றார். ஸ்பான்சர் மகிழ்ந்து நோட்டுப்புத்தகத்தில் ‘பிசினஸ்’ என்று எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டுப்புத்தகம் அடுத்த வருடமும் கூடவே வரும். “போன தடவை பிசினஸ், இப்போது டீச்சரா?” என்று வாக்குமூலம் மாற்றிய சாட்சியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். இத்தனைக்கும் அவர் வங்கியில் சேர்ந்ததே தாய்மாமா அங்கே இருந்ததால்தான். அதற்கு முன் அவர் என்ன ஆக ஆசைப்பட்டார் என்று எவரும் நோட்டுப்புத்தகத்தோடு வந்து கேட்டதில்லை.

அவரை மிகவும் கலக்குவது, “மலைக்கே திரும்பிப்போய்க் காப்பி பயிரிடுவேன்” என்று சொல்லும் பையன். உடனே ஒரு சொற்பொழிவு தொடங்கிவிடும்: உலகம் பெரியது, கனவு பெரியதாக இருக்க வேண்டும். 1969-இல் தொடங்கிய அரசத் திட்டமும் 1988-இல் தொடங்கிய டோய் துங் திட்டமும் அபினிச் செடியை அகற்றி மாற்றுப்பயிர்களை ஊன்றப் பட்டபாட்டின் விளைச்சலில் அந்த மலைக் காப்பியும் ஒன்று. அன்று காலை சியாங் ராயில், குளிரூட்டிய கடையில், டோய் சாங் காப்பியை ரசித்துக் குடித்து இரண்டு பாக்கெட் வாங்கியும் வந்திருக்கிறார். யாரோ மலையில் அதைப் பயிரிட்டார்கள் என்பதையும் எதிரே நிற்கும் பையனையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

இதுவரை சிரிக்கலாம். டீச்சர் என்று பதில் வரும்போது சிரிப்பு நிற்கிறது. தாய்லாந்தில் அரசுப் பணிக்குக் குடியுரிமை வேண்டும். அரசின் கல்விக்கடனுக்கும் வேண்டும். மலையினப் பிள்ளைகள் பலரிடம் அது இல்லை. அவர்களில் சிலரது அட்டையில் 13 இலக்க எண் 0 என்று தொடங்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். 2018-இல் தாம் லுவாங் குகையில் சிக்கிய கால்பந்துக் குழுவில் மூன்று சிறுவர்களும் பயிற்சியாளரும் நாடற்றவர்கள். உலகமே பார்த்த பிறகு, அந்த ஆகஸ்டில் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. குகையில் சிக்காதவர்களின் மனு வருடக்கணக்கில் கிடக்கும். ஏறத்தாழ 4.8 லட்சம் பேருக்கு வழியைச் சுருக்க 2024 அக்டோபரில்தான் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ‘என்ன ஆகப்போகிறாய்’ என்று வருடந்தோறும் கேட்பவர், ‘உன் அட்டை எண் எதில் தொடங்குகிறது’ என்று கேட்டதில்லை.

கேட்காதது போகட்டும், குறுக்கே வராமலாவது இருக்கலாம். தாலுகா அலுவலகத்தில் மனு விசாரணைக்குத் தேதி கிடைப்பது அரிது. கிராமத் தலைவரும், பிரசவத்தைப் பார்த்த கிழவியும் சாட்சி சொல்ல மலையிலிருந்து வேனில் இறங்கி வர வேண்டும். அந்தத் தேதியும் ஸ்பான்சரின் விமானமும் ஒரே நாளில் அமைந்தால், தள்ளிவைக்கப்படுவது தேதிதான். விடுதி நடத்துகிறவர்களுக்கு வேறு வழியில்லை. அடுத்த வருட அரிசி அந்த விமானத்தில் வருகிறது. இதில் நகைச்சுவை ஒன்றும் இல்லை.

ஆனாலும் அவரை வெறுக்க முடியாது. பென்ஷன் வந்த மறுநாள் பணம் அனுப்பிவிடுவார். ஒரு மாதம்கூடத் தவறாது. ஆறு நாடுகளில் நடந்து 2013-இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று, ஸ்பான்சர் உள்ள பிள்ளைகள் ஓராண்டு முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்ததாகக் கணக்கிட்டது. பணம் வேலை செய்கிறது. அதோடு நேரில் வந்தும் ஆக வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் மூத்த புஷ், பிலிப்பைன்ஸ் சிறுவன் ஒருவனைப் புனைபெயரில் பல ஆண்டு ஆதரித்துக் கடிதம் எழுதினார். அது 2018-இல் அவர் இறந்த பிறகே ஊருக்குத் தெரிந்தது. நம் ஸ்பான்சருக்கு அந்த ரகசியம் கட்டுப்படியாகாது. ஆனால் முழங்கால் வலியோடு பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையால் பிசுக்கரிசி உருட்டிச் சாப்பிடும்போது அவர் நடிக்கவில்லை. கிழவிகள் மணிக்கட்டில் கட்டிவிடும் வெள்ளை நூலை அது இற்று அறுந்துவிழும்வரை கழற்றுவதும் இல்லை.

புறப்படும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் “மறந்துவிடாதே, டீச்சர்!”, “மறந்துவிடாதே, பிசினஸ்!” என்று அவரவர் உத்தியோகத்தைச் சொல்லி விடைபெறுவார். தவறவிட்ட பாடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அடுத்த குளிர்காலத்தில் நண்பர்கள் நால்வரையும் அழைத்துவருவதாகச் சொல்வார். க்ரூ கைகூப்பித் தலையாட்டுவார். திங்கட்கிழமை க்ரூ தாலுகா அலுவலகத்துக்குப் போய், இனிமேல் தேதி கொடுத்தால் புகைமூட்டக் காலத்தில் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்.