கூடையர்

கூடையருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரணைமடுத் தண்ணீர் பாய்கிற இரண்டு ஏக்கர் வயல், ஒரு பழைய மோட்டார் சைக்கிள், ஒரு புதுப் போன். பகலில் அவரை மற்றக் கமக்காரரிடமிருந்து பிரித்தறிய முடியாது. இரவுச் சாப்பாடு முடிந்து விறாந்தையில் சாய்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாரென்றால், கடை திறந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒன்லைன் கடையில் அவருடைய கூடைக்குள் இப்போது கிடப்பவை: பற்றரியில் மருந்தடிக்கும் மெசின், யானைக்குப் பிடிக்கிற பெரிய டோர்ச், வெயிலில் சார்ச் ஆகும் கமராவோ லைற்றோ ஒன்று, எது என்று அவருக்கே தெளிவில்லை, இடுப்பு நோவுக்கு ஒரு பெல்ட், பேரனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து. சப்பாத்துக் கூடைக்குள் போன பிறகு பேரனுடைய கால் இரண்டு அளவு வளர்ந்துவிட்டது. "வாங்கிட்டியளே அண்ணை?" என்று கேட்டால், "போட்டு வைச்சிருக்கிறன்" என்பார், வங்கியில் நிலையான வைப்பு வைத்தவரின் குரலில்.

கரடிபோக்கிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் இவரைப் போன்றவர்கள் தாராளம். வன்னிக்கு மட்டும் உரிய வியாதியும் அல்ல. டென்மார்க்கில் பேமார்ட் என்றொரு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஒன்லைன் கடைகளில் நிரப்பப்படும் நூறு கூடைகளில் எழுபதளவில் காசு கட்டாமலே கைவிடப்படுகின்றன என்று, பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து அவர்கள் சொல்கிறார்கள். ஏன் விட்டீர்கள் என்று அமெரிக்கர்களைக் கேட்டபோது முன்னுக்கு வந்த காரணம், கடைசிப் பக்கத்தில் முளைக்கிற கூலியும் வரியும். கூடையரும் இந்த இடத்தில் அமெரிக்கர்தான். "மெசினுக்குக் காசு குடுக்கலாம். அதைத் தூக்கிக்கொண்டு வாறதுக்கு ஏன் நான் குடுக்கவேணும்?" என்பார். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க வவுனியாவுக்குப் பஸ் ஏறுவார். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, வவுனியாவில் இரண்டு வடையும் பிளேன்ரீயும் எடுத்து, நாலு கடை ஏறி இறங்கி, வெறுங்கையோடு திரும்புவார். கணக்குப் பார்த்தால் கூலியைப்போல மும்மடங்கு போயிருக்கும். யாரும் பார்க்கச் சொல்வதில்லை.

கூடையைத் தள்ளிக்கொண்டு திரிவதற்கு ஒருகாலத்தில் கடைக்காரன்தான் சம்பளம் கொடுத்தான். 1937இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைமுதலாளி சில்லுப் பூட்டிய கூடைவண்டியைக் கொண்டுவந்தார். ஒருவரும் தொடவில்லை. ஆம்பிளைகளுக்கு அது கௌரவக் குறைவு; பிள்ளை வண்டில் தள்ளியே களைத்த பெண்களுக்கு இன்னொரு வண்டில் வேண்டாம். கடைசியில் ஆட்களைக் கூலிக்குப் பிடித்து, சாமான் வாங்குவதுபோல் கடைக்குள் வண்டியைத் தள்ளித் திரிய வைத்தார். கூடையர் இந்த வேலையை ஒரு சதமும் வாங்காமல் இரவு பன்னிரண்டு மணிவரை செய்கிறார்.

அவருடைய பெருநாள் நவம்பர் 11. சீனாவில் அலிபாபா 2009இல் தொடக்கிவைத்த மலிவு விற்பனை, 2018இல் அதே கொம்பனி டராஸ் என்ற ஒன்லைன் கடையை வாங்கியதோடு எங்கள் பக்கமும் ஊன்றிக்கொண்டது. அந்தத் தேதியைக் குறித்தவருக்கு வன்னியைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது மட்டும் நிச்சயம். நவம்பரில் காலபோகம் நடக்கிறது. விதைநெல்லுக்குப் போனது, உழவுக்குப் போனது, பசளைக்குப் போனது. மனைவியின் தோடும் சங்கிலியும் அடகில். வடகீழ்ப் பருவமழையில் ஒழுங்கை முழங்கால் சேறு. கூரியர் வான் வந்தால் அதை இழுக்க உழவு இயந்திரம் வேண்டும். இந்த வேளையில் போன், "இன்னும் இரண்டு மணித்தியாலந்தான், முந்துங்கள்" என்று துடிக்கிறது. கூடையர் முந்துவார். பத்துச் சாமானை உள்ளே போடுவார். மொத்தத்தைப் பார்ப்பார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளைக்கு வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முறை என்று யோசிப்பார்.

பெப்ரவரி, மார்ச்சில் நெல் வெட்டிக் காசு கைக்கு வரும். அப்போது மலிவு முடிந்திருக்கும். நகையை மீட்கவேண்டும், மெசின் வெட்டுக்கூலி கொடுக்கவேண்டும், மருந்துக்கடைக் கடன் இருக்கிறது. கூடையில் விலை மறுபடி ஏறிக் கிடக்கும். "விலை இறங்கட்டும்" என்பார். 2022இல் டொலர் சில மாதத்துக்குள் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோதும் இதையேதான் சொன்னார். 2024 தொடக்கத்தில் வற் வரி 18 வீதமானபோதும் சொன்னார். ஒரு மனிதரின் பொறுமைக்கு இதைவிடச் சான்று தேவையா?

பொறுமை எங்கே பழகியது என்பதும் ஊருக்குத் தெரியும். தொண்ணூறுகளில், யுத்தகாலத்தில், வன்னிக்குப் பொருளாதாரத் தடை. பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, பசளை இல்லை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது, பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். பாஸ் கிடைத்து வவுனியாவுக்குப் போகிறவர் கையில் ஊரே பட்டியல் கொடுத்துவிடும். பட்டியல் போகும், சாமான் வராது. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது வந்தது, 2006 ஓகஸ்டில் மூடியபோது நின்றது. 2009இல் யுத்தத்தின் கடைசியில் உழவு இயந்திரப் பெட்டி நிறைய ஏற்றிய சாமானை ஊர் ஊராக இறக்கி இறக்கி, கடைசியில் உடுத்த துணியோடு வந்த மனிதர் அவர். நிரப்பியதை விட்டுவிட்டு வருவதைப் பற்றி டென்மார்க்காரர் அவரிடம்தான் கேட்கவேண்டும்.

இனி வங்கி அட்டை. அது மாதம் ஒருக்கால் மெசினுக்குள் போய் வெளியே வரத்தான் படைக்கப்பட்டது என்பது அவர் துணிபு. நம்பரைக் கேட்டால், "உருவிப்போடுவாங்கள்" என்று எழுந்துவிடுவார். ஒருமுறை துணிந்து அடித்தார். வங்கி அனுப்பும் ஆறு இலக்கம் வயல் வரம்புக்குப் போனால்தான் வரும். வரம்புக்குப் போய், கண்ணாடியைத் தேடி, அது நெற்றியிலேயே இருப்பதைக் கண்டு வாசிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. கையில் சாமான் வந்தபின் காசு கொடுக்கிற வழியும் உண்டு. அங்கே விலாசம் கேட்பார்கள். வீட்டிலக்கம் என்ற பெட்டிக்குள், "வாசிகசாலையடி ஒழுங்கை, மதகு தாண்டி இடக்கைப் பக்கம், பனை முறிஞ்ச வளவு" என்று எழுதினால் பெட்டி ஏற்காது. எழுதியதை அழிக்க மனமில்லாமல் அவர் வெளியேறிவிடுவார்.

ஆனால் கூடை வீண்போவதில்லை. டவுன் கடையில் போனை நீட்டி, "தம்பி, இதில ஆறாயிரம் எண்டு கிடக்கு, நீர் ஒன்பது சொல்லுறீர்" என்று பேரம் பேச உதவும். கடைக்காரத் தம்பியும் லேசுப்பட்டவனல்ல: "அப்ப பழுதானா அந்தப் போனிட்டயே குடுத்துத் திருத்துங்கோ ஐயா." இன்னொரு பயன் கனடாவில் இருக்கிறது. கூடையை அப்படியே படம் பிடித்து மச்சானுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவார். கீழே ஒரு வசனந்தான்: "சும்மா பாக்கிறதுக்கு." மச்சான் பெருவிரலை உயர்த்திக் காட்டுவார். மச்சானுடைய கூடையும் அங்கே நிரம்பித்தான் கிடக்கிறது என்பது கூடையருக்குத் தெரியாது.

இதே வீட்டில் இவருடைய மனைவியும் இருக்கிறா. மலிவு நாளும் அவவுக்குத் தெரியாது, டென்மார்க்கும் தெரியாது. தேங்காய் துருவும் மெசின் ஒன்றைக் கண்டா. கூலி எவ்வளவு என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. மகளைக் கொண்டு ஓடர் போடுவித்து, விலாசப் பெட்டியில் வாசிகசாலையின் பெயரை மட்டும் எழுதச் சொன்னா. நாலாம் நாள் கூரியர் பெடியன் கூப்பிட்டான், சந்தியில் போய்க் காசைக் கொடுத்து வாங்கி வந்தா. "இஞ்சருங்கோ, போனை வைச்சிட்டு வந்து இதைப் பூட்டித் தாங்கோ." கூடையர் பூட்டிக் கொடுத்தார். பூட்டும்போதே, அதைவிட மலிவான ஒன்று தன் கூடையில் கிடப்பதாகவும் சொன்னார்.

ஒன்லைன் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளிநொச்சிக்குக் கூலி எவ்வளவு, முல்லைத்தீவுக்கு எவ்வளவு என்பதை முதற்பக்கத்திலேயே போடுங்கள். விலாசப் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். பெப்ரவரி கடைசியிலும் ஒரு மலிவு வையுங்கள். அப்போதும் கூடையர் வாங்கப்போவதில்லை. அவருடைய மனைவி வாங்குவா.