உப்புப் பார்க்காத சமையல்

பண்டிகைச் சமையலில் முதல் வாய் சாமிக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதிலுள்ள சங்கடம் சமைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். சாமி சாப்பிடும்வரை உப்பு சரியா என்று யாரும் பார்க்கக் கூடாது. சாமி சாப்பிட்ட பிறகோ, அவர் எதுவும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தை அமல்படுத்தியவள் பாட்டி. நாக்குக்கு மட்டுமல்ல, மூக்குக்கும் தடை. பிள்ளையார் சதுர்த்தியன்று கொழுக்கட்டைக்குப் பூரணம் கிளறும் வாசனை தெருமுனை வரை போகும். ஊரார் முகரலாம், நாங்கள் முகரக் கூடாது. மூச்சு விடாமல் எப்படி இருப்பது என்று கேட்டால், "திண்ணையில போய் விடு" என்பாள். கிருஷ்ண ஜெயந்தியன்று எண்ணெயில் சீடை வெடித்துச் சிதறி, ஒன்றிரண்டு சமையலறை மூலை வரை ஓடும். தரையில் விழுந்தது சாமிக்கு ஆகாதே, எனக்கு ஆகுமே என்றாலும் நடக்காது. கிருஷ்ணர் வெண்ணெய் திருடினால் லீலை. நான் சீடை பொறுக்கினால் அபசாரம்.

ஒருமுறை கண்ணப்ப நாயனாரைச் சாட்சிக்கு இழுத்துப் பார்த்தேன். இறைச்சியை வாயில் போட்டு, ருசி பார்த்துத்தானே அவர் சிவனுக்குப் படைத்தார்? பெரியபுராணமே சொல்கிறதே? பாட்டி அசரவில்லை. "அவர் கண்ணையே தோண்டிக் குடுத்தார்டா. நீ தம்பிக்கு உன் கிரிக்கெட் மட்டையைக் குடுப்பியா?" வழக்கு அங்கேயே தள்ளுபடி.

இந்தக் கெடுபிடிக்கு நடுவில் எனக்குப் புகலிடம் தந்தது பக்கத்து வீட்டுப் பாயம்மாவின் அடுப்படி. ரம்ஜான் மாதம் முழுக்க அங்கே நோன்புக் கஞ்சி கொதிக்கும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, இறக்கும் நேரத்தில் தேங்காய்ப்பால். விடியுமுன் சாப்பிட்டதோடு சரி. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இத்தனையையும் கிளறுகிறவர் உப்புப் பார்ப்பது எப்படி? சாயங்காலமானால் மதில் மேலே குரல் வரும்: "தம்பி, கொஞ்சம் உப்புப் பாத்துட்டுப் போப்பா."

எங்கள் வீட்டில் குற்றம், அங்கே உத்தியோகம். கரண்டியை ஊதி ஊதி வாயில் விட்டு, கண்ணை மூடி, நாக்கில் உருட்டி, "இன்னொரு கரண்டி குடுங்க, சரியாத் தெரியல" என்பேன். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வது நீதிக்கு அழகல்ல.

2006-இல் நவராத்திரியும் ரம்ஜான் நோன்பும் சேர்ந்து வந்தன. பிறைக் கணக்கில் ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். ஆகவே இந்தச் சேர்க்கை அடிக்கடி வாய்ப்பதில்லை. ஒரு சுற்று முடிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும். என் நாக்குக்கு அது பொற்காலம். கொலு நாட்களில் எனக்காகவே பாயம்மா கஞ்சியில் கறி போடவில்லை. அங்கே உப்புப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தால், அம்பாளுக்கு முன்னால் கொண்டைக்கடலைச் சுண்டல், யாரும் தொடாமல், யாருக்கும் ருசி தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

தீபாராதனை முடிந்துதான் விஷயம் வெளிவரும். ஒரு நாள் அம்மாவும் உப்புப் போட்டிருக்கிறாள், அம்மா மறந்திருப்பாள் என்று பாட்டியும் போட்டிருக்கிறாள். அம்பாள் முகத்தில் அதே புன்னகை. விருந்தாளிகள் முகத்திலும் அதே புன்னகை, ஆனால் கூடவே தண்ணீர் கேட்டார்கள். ஒரு கிண்ணம் சுண்டல் மதில் தாண்டிப் போயிற்று. பாயம்மா ஒரு குறையும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கஞ்சியில் உப்பைக் குறைத்துவிட்டார். நான் குறை என்று தீர்ப்புச் சொன்னபோது, "இருக்கட்டும்பா, உங்க வீட்டுச் சுண்டல் வரும்ல" என்றார்.

டிசம்பரில் எதிர்வீட்டு டீச்சர் கதையே வேறு. கிறிஸ்துமஸுக்குக் கல்கல் செய்வார்கள். மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டி, பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்டுவது. அங்கே ருசி பார்க்கத் தடையே இல்லை. அதனால் கிறிஸ்துமஸ் வருமுன் டின் காலியாகி, இன்னொரு தடவை மாவு பிசைவார்கள். சட்டம் இல்லாத ஊரின் கஷ்டம் அது.

பெரிய கோயில்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சமாளிக்கின்றன. திருப்பதி லட்டுக்கு இவ்வளவு கடலைமாவு, இவ்வளவு நெய், இவ்வளவு முந்திரி என்று அளவுப் பட்டியலே உண்டு, நாக்குக்கு வேலையில்லை. பூரியில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விறகடுப்பில் ஜகந்நாதருக்குச் சமைக்கிறார்கள். அங்கே 56 வகைப் போகம் பிரசித்தம். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சுண்டலுக்கு இந்தப் பாடு.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருநாகேஸ்வரத்துப் பெருமாள்தான் சிக்கலை வேரோடு பிடுங்கியவர். மார்க்கண்டேய முனிவரிடம் பெண் கேட்டுப் போனார். "சின்னப் பெண், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது" என்று முனிவர் தயங்க, "உப்பில்லாமலே சாப்பிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்தாராம் உப்பிலியப்பன். இன்றுவரை அவருக்கு நைவேத்தியம் உப்பில்லாமல்தான். பெண் பார்க்கும்போது மாமனாரிடம் சொன்னதைக் கல்யாணத்துக்குப் பிறகும் காப்பாற்றும் கணவர், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

இப்போது பாட்டிக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். வீட்டில் ஒரே சமையல் என்பதால் பிள்ளையாரும் அம்பாளும் சேர்ந்து பத்தியம் இருக்கிறார்கள். பாட்டிக்கு இதில் வருத்தமில்லை. பெருமாள் என்றைக்கோ இலவசமாகச் சொன்னதற்கு டாக்டர் ஃபீஸ் வாங்கிவிட்டார் என்பதுதான் அவள் குறை.