கடை காண் படலம்: யட்டியாந்தோட்டை வணிகர் கொழும்பில் உண்ணுமிடம் தேரும் முறை பற்றி ஓர் ஆய்வு

யாப்பருங்கலத்துக்கு விருத்தியுரை இருக்கிறது. திருக்குறளுக்குப் பழைய உரை மட்டுமே பத்து என்பார்கள். யட்டியாந்தோட்டை பஜாரிலிருந்து கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகிறவர் மத்தியானச் சோற்றை எங்கே சாப்பிடுவது என்ற பொருளில் மட்டும் ஒரு வரி உரையைக் காணோம். தமிழாய்வுலகின் இந்தப் பெருங்குறையை நீக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுகிறது. எந்தப் பட்டத்துக்கும் இது சமர்ப்பிக்கப்படவில்லை. புறக்கோட்டையில் வயிறு கெட்டவர்களுக்குச் சமர்ப்பணம்.

முன்னோடி நூல்கள் இல்லாமல் இல்லை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. முருகனிடம் அனுப்பும் ஒன்றைக் கழித்தால், மீதி நாலும் பசித்தவனுக்கு வழி சொல்பவை. வள்ளல் வீட்டில் வயிறாரத் தின்று பரிசிலோடு திரும்பும் பாணன், எதிரே வாடி வதங்கி வரும் இன்னொரு பாணனை மறித்து, எங்கே போனால் என்ன கிடைக்கும் என்று விவரமாகச் சொல்கிறான். பெரும்பாணாற்றுப்படை இதில் தலைசிறந்தது. வேடர் குடியிருப்பில் என்ன போடுவார்கள், இடையர் வீட்டில் என்ன, உழவர் வீட்டில் என்ன, வலைஞர் வீட்டில் என்ன, அந்தணர் வீட்டில் தொட்டுக்கொள்ள ஊறுகாய் உண்டா என்பது வரை அதில் இருக்கிறது. விலைப்பட்டியல் மட்டும் இல்லை, அங்கே பில் வராது.

இந்நூல்களிலிருந்து நாம் பெறுவது இரண்டு விதிகள். வழி சொல்பவன் தானே தின்றவனாக இருக்க வேண்டும். கேட்பவனும் அவனும் ஒரு கூட்டத்தாராக இருக்க வேண்டும். பாணனுக்குப் பாணன்தான் சொன்னான். ஊர்பேர் தெரியாத ஒருவன் போட்ட நட்சத்திரத்தை நம்பிப் பாணன் யாரும் நடந்ததாகச் சங்க இலக்கியத்தில் சான்று இல்லை.

இனி, ஆய்வுக்குரிய வணிகர் யார் என்று வரையறுப்போம். அவிசாவளைக்கும் கித்துல்கலைக்கும் நடுவே, ஏ7 நெடுஞ்சாலையில், களனி கங்கையோரம் கடை வைத்திருப்பவர். ரப்பர்த் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் சட்டி பானை, துணி, சவர்க்காரம், வெங்காயம் விற்பவர். சம்பள நாளை வைத்தே மாதத்தைக் கணக்கிடுபவர். கொழும்பு இவருக்கு எழுபது கிலோமீற்றர் சொச்சம். கோழி கூவுமுன் பஸ் ஏறினால்தான் சரக்கை லொறியில் போட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு சேரலாம்.

ஒரு காலத்தில் இவருக்கு ரயிலே இருந்தது. களனிவெளி குறுகிய பாதை 1903இல் யட்டியாந்தோட்டை வரை வந்தது. 1942இல், உலகப் போரின் நடுவே, அவிசாவளைக்கு இந்தப் பக்கம் கிடந்த தண்டவாளத்தைக் கழற்றினார்கள். மறுபடி போடவே இல்லை. ரயிலில் கட்டிச்சோற்றை மடியில் விரித்துச் சாப்பிடலாம். ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போகும் பஸ்ஸில் அது நடக்குமா? ஆகவே கொழும்பில் கடை தேடும் பிரச்சினை தோன்றிய ஆண்டு 1942 என்பது இக்கட்டுரையின் முதல் முடிபு. மறுப்பவர்கள் பொதியோடு பஸ் ஏறிப் பார்த்துவிட்டு மறுக்கலாம்.

இன்னொரு வரலாற்றுச் சான்றையும் விட்டுவிடக் கூடாது. யட்டியாந்தோட்டைத் தொகுதியை நெடுங்காலம் பாராளுமன்றத்தில் வைத்திருந்தவர் என்.எம். பெரேரா. 1954இல் அவர் கொழும்பு மேயராகவும் ஆனார். யட்டியாந்தோட்டைக்கும் கொழும்புச் சாப்பாட்டுக்கும் உள்ள பந்தம் உத்தியோகபூர்வமானது என்று இதைக் கொண்டு வாதிடலாம் என்றால், பின்னால் நடந்தது இடிக்கிறது. 1970இல் அவர் நிதியமைச்சர். அந்த ஆட்சியில்தான் நாட்டில் அரிசி அருகி, ஹோட்டல்களில் வாரத்துக்கு இரண்டு நாள் சோறு போடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. தோட்டங்களில் பட்டினிச் சாவே விழுந்த காலம் அது. அந்த நாளில் கொழும்புக்குப் போனவர்கள் நல்ல கடையைத் தேடவில்லை, சோறுள்ள கடையைத் தேடினார்கள். நல்லது கெட்டது பார்ப்பதெல்லாம் அரிசி தாராளமாகக் கிடைத்த பிறகு வந்த ஆராய்ச்சி.

களத்துக்கு வருவோம். புறக்கோட்டையின் இலக்கணம் எளிது. ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு. செட்டியார் தெருவில் தங்கம், கெய்சர் வீதியில் துணி, நான்காம் குறுக்குத் தெருவில் சீனி, வெங்காயம், செத்தல் மிளகாய், பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான். இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடித்த சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் சிவப்பும் வெள்ளையுமாக நிற்பதால் வழி தவறவும் முடியாது. சாப்பாட்டுக்கென்று மட்டும் தெரு இல்லை. கடைகள் மூட்டைகளுக்கு இடையில் இண்டு இடுக்கில் செருகிக் கிடக்கின்றன. தங்கம் வாங்க யாரையும் கேட்க வேண்டாம், சோறு வாங்க ஆள் வேண்டும். நகரத்தை அமைத்தவர்கள் வணிகரின் கையை நினைத்த அளவுக்கு வயிற்றை நினைக்கவில்லை.

நல்ல கடையை அறிய வழக்கிலுள்ள குறிகள் பல. அவற்றைச் சூத்திரமாக யாரும் யாக்காததால் யாமே யாத்தோம்:

பலகை பெரிதெனின் பசியே பெரிது;
நாட்டாமை நுழையின் நம்பி நுழைக.

இதனாற் சொல்லியது யாதோவெனின், வாசலில் விளக்குப் பலகை எவ்வளவு பெரிதோ அவ்வளவு சோறு குறையும் என்பதும், புறக்கோட்டையில் கைவண்டி இழுத்து மூட்டை தூக்கும் நாட்டாமைகள் போகும் கடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்பதும் ஆம். முன்னதற்கு விதிவிலக்கு உண்டு. பின்னதற்கு இல்லை. ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் சுமக்கிறவன் காசுக்கும் ருசிக்கும் அளவுக்கும் ஒரே நேரத்தில் கணக்குப் பார்க்கிறவன். ஏமாற்றிய கடைக்கு அவன் மறுநாள் போக மாட்டான், கூட வேலை செய்யும் நாற்பது பேரையும் போக விடமாட்டான். உரையாசிரியர் சிலர் "நாட்டாமை" என்பதற்குப் "பொலிஸ்காரர்" எனப் பாடங்கொள்வர். அது பொருந்தாது, பொலிஸ்காரர் போகும் கடையில் பில் எழுதப்படுகிறதா என்பதே ஐயம்.

"பஸ் நிற்கும் கடையே நல்ல கடை" என்பர் ஒரு சாரார். இதையும் மறுக்க வேண்டும். ஹட்டன் பஸ்ஸோ வேறு தூர பஸ்ஸோ ஓரிடத்தில் பத்து நிமிஷம் நிற்கிறது என்றால், முதலில் சாரதியின் மேசையைப் பாருங்கள். அவருக்கு மீன் பொரியல், கோழிக்கறி, சம்பல், அப்பளம், மேலே ஒரு பிளேன்டீ. பக்கத்து மேசையில் பயணிக்குப் பருப்பும் பழைய ரொட்டியும். சாரதி சாப்பிடுவதற்கு யார் பணம் கட்டுகிறார் என்று யோசித்தால் பருப்பின் விலை விளங்கிவிடும்.

கொத்து ரொட்டியை ஆராய்வோர் கண்ணைவிடக் காதை நம்ப வேண்டும். இரண்டு தகடும் இரும்புத் தட்டில் விழும் சத்தம் ஓயாமல் கேட்டால் ரொட்டி அடுக்கில் கிடந்து காய நேரமில்லை என்று பொருள். விட்டு விட்டுக் கேட்டால் போய்விடுங்கள். கொள்ளுப்பிட்டிக் காலி வீதியில் பிலாவூஸ் என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட பலகையில் இருப்பதால், மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்பதில் கொத்தறிஞர்கள் இன்னும் ஒருமுகப்படவில்லை. பதிப்பாசிரியர் ஒருவர் தேவை. சீஸ் கொத்து என்பது பிற்காலத்தார் சேர்க்கை என்பதில் மட்டும் எமக்கு ஐயமில்லை.

பணப்பையில் கனமும் கையில் நேரமும் உள்ளவர் தெற்கே போகலாம். பம்பலப்பிட்டியில் கிரீன்லாண்ட்ஸ் இருக்கிறது, வெள்ளவத்தையில் ஷண்முகாஸ் இருக்கிறது, யாழ்ப்பாணக் கறிக்கு யாழ் ஈட் ஹவுஸ் இருக்கிறது. யாரும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயத்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறவர் வெள்ளவத்தைக்குப் போய்த் தோசை தின்று திரும்புவதற்குள் வெங்காயம் கிலோவுக்கு இரண்டு தரம் ஏறிவிடும். காலிமுகத்திடல் இஸ்ஸோ வடையும் அந்தியில் காற்று வாங்குவோர்க்கு உரியது, யட்டியாந்தோட்டையார் அந்நேரம் அவிசாவளை தாண்டியிருப்பார்.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலை. கொழும்புத் தமிழ்ச் சாப்பாட்டுக்கடைகளில் இலை போடுகிற பையனும், மேசை துடைக்கிற பையனும், உள்ளே கரண்டி பிடிக்கிறவரும் பெரும்பாலும் எங்கிருந்து வந்தவர்கள்? ஹட்டன், பதுளை, இரத்தினபுரி, தெஹியோவிட்ட, யட்டியாந்தோட்டை. பத்தாம் வகுப்பு வரை படித்து, பால் வெட்டப் போக மனமில்லாமல், தெரிந்தவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கொழும்புக்கு வந்த தோட்டத்துப் பிள்ளைகள். முதலாளி யாராக இருந்தாலும் சோற்றை வடிப்பது நம் லயத்துக் கை. ஆகவே பாணனுக்குப் பாணன் வழி சொல்வது இன்றும் சாத்தியம். செய்முறை ஒரே ஒரு கேள்வி.

உட்கார்ந்ததும் மெனு கேட்கக் கூடாது. தண்ணீர்க் கோப்பையை வைக்கும்போது கேட்க வேண்டும்:

"தம்பி, எந்தத் தோட்டம்?"

பையன் கை ஒரு நொடி நிற்கும். நம் முகத்தைப் பார்ப்பான்.

"பனாவத்தைங்கண்ணே."

"நான் யட்டியாந்தோட்டை டவுன். இன்னைக்கு என்னப்பா நல்லாருக்கு?"

கல்லாவைத் திரும்பிப் பார்ப்பான். துடைத்த மேசையையே மறுபடி துடைப்பான். குனிந்து, உதடு அசையாமல்:

"மீன் வேணாம்ணே. நேத்து வந்தது. பருப்பும் கருவாடும் எடுங்க. மரக்கறியில வாழைக்காய் இப்பதான் எறக்குனாங்க."

போனில் ஆயிரம் பேர் போட்ட நட்சத்திரம் அந்த மீனின் வயதைச் சொல்லாது. கடை நாலரை நட்சத்திரமாக இருக்கலாம், செவ்வாய்க்கிழமை மீனுக்குத் தனி நட்சத்திரம் போடுவார் யார்? பின்னும், சிற்றுண்டித் தட்டு விவகாரம் இருக்கிறது. கேட்காமலே ரோல்ஸ், கட்லட், பெட்டிஸ், வடை எனப் பத்துப் பன்னிரண்டை அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். நாட்டின் நேர்மையில் இவ்வளவு நம்பிக்கை வைத்த வேறு ஏற்பாடு கிடையாது. அந்தத் தட்டில் எது காலைச் சூட்டில் பொரித்தது, எது எத்தனை மேசை பார்த்தது என்ற சரித்திரம் முழுதும் தெரிந்தவன் பனாவத்தைத் தம்பி ஒருவன்தான். அவன் விரல் காட்டும் ரோல்ஸை எடுங்கள். வடையை நீங்களாக எடுக்காதீர்கள்.

இந்த முறை உறுதிப்பட, இரண்டாவது கேள்வி ஒன்றும் உண்டு: "நீ எங்கப்பா சாப்புடுவ?" இதற்கு வரும் விடையில்தான் ஆற்றுப்படையின் முதல் விதி ஆட்டம் காண்கிறது. பாணன் தின்றுவிட்டு வழி சொன்னான். இவன் தின்னாமல் வழி சொல்கிறான். மத்தியானக் கூட்டம் கலைந்து மூன்று மூன்றரைக்கு மேல், சமையற்கட்டு ஓரத்தில், மிஞ்சிய கறியைச் சோற்றில் கொட்டி நின்றுகொண்டே சாப்பிடுகிறவன். நேற்றைய மீன் கடைசியில் யார் தட்டுக்குப் போகும் என்று நாம் கேட்பதில்லை. லீவு நாளில் மட்டும் பின்சந்தில் ஒரு அம்மா சுட்டு விற்கும் இடியப்பத்துக்கும் சொதிக்கும் போவதாகச் சொல்வான். அந்தச் சந்தை விசாரித்துப் போனவர்கள் ருசி பற்றி ஒரே குரலில் பேசுகிறார்கள். இடத்தை மட்டும் யாரும் வெளியில் சொல்வதில்லை, யாமும் சொல்வதாக இல்லை.

முறையின் குறைபாட்டையும் பதிய வேண்டும். யட்டியாந்தோட்டை வணிகர் அடிக்கடி கொழும்புக்கு ஓடும் காலம் தீபாவளிக்கு முந்திய வாரங்கள். பண்டிகைக்கு முதல் இரண்டு மூன்று நாளில் பையன்கள் கூட்டமாக பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பெட்டிக்குள் அம்மாவுக்குச் சேலை, தங்கைக்குச் சட்டை. அந்நாட்களில் கொழும்பில் பல கடைகள் பாதிக் கதவை இழுத்து விடுகின்றன. திறந்திருக்கும் கடையில் முதலாளியே சோறு போடுகிறார். அவரிடம் "எந்தத் தோட்டம்?" என்று கேட்டுப் பயனில்லை, மீன் இன்றைக்கு வந்தது என்றுதான் சொல்வார். அந்த வாரம் வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நலம்.

மற்ற நாட்களில் இம்முறையைக் கைக்கொள்வோருக்கு ஒரு வேண்டுகோள். பில் தட்டில் வைக்கும் சில்லறை கல்லாவுக்குப் போகிறதா பையனுக்குப் போகிறதா என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. மீனைப் பற்றி உண்மை சொன்னவனுக்குக் கொடுக்கிற காசை அவன் கையிலேயே கொடுங்கள்.