தள்ளிப் படிப்பவர்

'தள்ளுபடி' என்ற பலகையைப் பார்த்தால் விலை குறைவு என்று நமக்குப் புரியும். அதையே 'தள்ளிப் படி' என்று பிரித்து, கட்டளையாக எடுத்துக்கொள்கிறவர் ஒருவர் இருக்கிறார். சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவில் இரண்டு பை நிறைய வாங்கி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போவார். வழியெல்லாம் அவர் படிப்பது பில்லை மட்டும்தான். வீட்டில் போன வருஷத்துப் பை முடிச்சு அவிழாமல் காத்திருக்கும். போனுக்குள் இருக்கும் ராஜ்ஜியம் இன்னும் பெரிது. டெலிகிராமில் பிடிஎஃப்கள், வாட்ஸ்அப்பில் நட்சத்திரம் குத்திய கட்டுரைகள், யூடியூபில் பிறகு பார்க்க ஒதுக்கிய வீணைப் பாடமும் மாடித் தோட்டமும். இவரைச் சோம்பேறி என்று ஊர் சொல்கிறது. என் கட்சி வேறு. இவர் சோம்பேறி அல்ல, பக்தர்.

அதற்கான சாட்சி அவர் போனிலேயே இருக்கிறது. பதிவிறக்கப் பகுதியைத் திறந்தால் முதலில் 'பொன்னியின் செல்வன்'. அதன் கீழே அதே பெயர், அடைப்புக்குறிக்குள் 1, அடுத்து 2, அடுத்து 3. ஏற்கெனவே இருக்கிறது என்று போன் மூன்று முறை நாசூக்காகச் சொல்லியும் அவருக்குக் கேட்கவில்லை. 1950-இல் தொடங்கிய அந்தத் தொடரைக் 'கல்கி'யில் வாரா வாரம் படித்தவர்கள், படித்த பிறகு தாளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தார்கள். இவர் பைண்டிங்கோடு நிறுத்திக்கொள்கிறார். ஏனென்றால் சேமித்த நொடியிலேயே படித்த புண்ணியம் வந்துவிடுகிறது. உண்டியலில் காசு போட்டவர் யாராவது அது என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்ப்பாரா? எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த உட்காருவார். 'முக்கியம்' என்று ஒரு பிரிவு பிறக்கும், பிறகு 'மிக முக்கியம்'. சாயங்காலம் பார்த்தால் பட்டியலில் நான்கு கூடியிருக்கும்.

"சேர்த்து வைப்பது தப்பா? கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்க்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் ஏறக்குறைய ஒரு லட்சம். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. இன்று அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ஆனால் அங்கே போய்க் கேட்டால் கேட்டது கிடைக்கும். நம்மவரிடம் கேட்டால், "எங்கேயோ வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்" என்பார். பிறகு இணையத்தில் தேடி இறக்கி அனுப்புவார். அடைப்புக்குறிக்குள் 4.

"பாவம், நேரமில்லை" என்று இன்னொரு வக்காலத்து வரும். இதற்கும் ஒரு வழக்கு நடந்து தீர்ப்பாகிவிட்டது. கட்டுரைகளைச் சேமிக்க 'பாக்கெட்' என்று ஒரு செயலி இருந்தது. 2007-இல் பிறந்தபோது அதன் பெயருக்கே 'பிறகு படி' என்றுதான் பொருள். 2025 ஜூலையில் அதை மூடினார்கள். சேமித்ததை இறக்கிக்கொள்ள மாதக்கணக்கில் அவகாசம் கொடுத்தார்கள். படித்து முடிக்க இதைவிட நல்ல சாக்கு வாய்க்காது. நம்மவர் பட்டியலை அப்படியே இறக்கி, பத்திரமாக வேறிடத்தில் சேமித்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கினார். நேரமில்லாதவர் செய்கிற காரியமா இது? விக்கிரகத்தை இடம் மாற்றிப் பிரதிஷ்டை செய்கிறவர் செய்கிற காரியம்.

பக்தி என்றால் பக்திக்குரிய விதியையும் சேர்த்துக் கடைப்பிடிக்க வேண்டும். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அன்று படிக்கக் கூடாது என்பது வழக்கம். புத்தகத்தைக் கும்பிட்டே காலம் தள்ளிவிடுகிறவர்கள் வருவார்கள் என்று முன்னோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் மறுநாளே விஜயதசமியை வைத்து, மறுபூஜை முடிந்ததும் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து ஒரு பக்கமாவது படிக்கச் சொன்னார்கள். மொத்த அடுக்கையும் முடிக்கச் சொல்லவில்லை, ஒரு பக்கம்தான். நம்மவர் வீட்டில் பூஜை முந்நூற்று அறுபத்தைந்து நாளும் நடக்கிறது. விஜயதசமியைத்தான் அவர் பிறகு பார்ப்பதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்.