ஈயோர்சியாவில் அழும் முறை: மெய்ப்பாட்டியல் நோக்கில் ஓர் ஆய்வு

மெய்ப்பாடு எட்டு என்று தொல்காப்பியம் வரையறுத்தது. ஸ்கொயர் எனிக்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் தன் ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ இணைய விளையாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட எமோட்டுகளை, அதாவது கேரக்டர் கட்டளைக்குக் காட்டும் பாவனைகளை, வைத்திருக்கிறது. இருந்தும் அழுகை மட்டும் சரிவர அமையவில்லை. அழு என்று கட்டளையிட்டால் கேரக்டர் அழத்தான் செய்கிறது. ஆனால் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்பதுபோல் அழுகிறது. அதைப் படமெடுத்தால் பார்ப்பவர்க்குச் சிரிப்பு வருகிறது. அழுகை நகையாகத் திரியும் இவ்விடமே நம் ஆய்வின் தோற்றுவாய்.

களத்தை அறியாதார்க்குச் சிறு விளக்கம். 2010இல் வெளிவந்து சொதப்பிய இவ்விளையாட்டு, 2013 ஆகஸ்டில் புத்துயிர் பெற்றது. இதன் கதை நடக்கும் நிலப்பரப்புக்கு ஈயோர்சியா என்று பெயர். அதைக் காக்கும் வீரராக விளையாடுபவர்தான் நியமனம். நடைமுறையிலோ உலகம் ஒருபுறம் அழிந்துகொண்டிருக்க, வீரர் கடற்கரையில் நின்று, படத்துக்காகத் தாடையைச் சற்றே வலப்புறம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜிபோஸ் என்று கட்டளை தட்டினால் கேமரா கட்டவிழும், மூன்று விளக்குகள் கைக்கு வரும், ஃபில்டர் வரும், அசைவை அப்படியே உறையவைக்கும் வசதியும் வரும். திரையை அடைத்து நிற்கும் உயிர்ப்பட்டை, அரட்டைப் பெட்டி முதலியவற்றை மறைக்க ‘ஸ்க்ரோல் லாக்’ விசை. 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்து, பிறகு எதற்கென்றே பலருக்குத் தெரியாமல் விசைப்பலகையின் மூலையில் உட்கார்ந்திருந்த அந்த விசைக்கு இப்படியொரு பிறவிப்பயன்.

இனி முதற்பொருள். ஈயோர்சியாவின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் 70 நிமிடம். ஒரு மணி நேரம் 2 நிமிடம் 55 விநாடி. ஆகவே பத்து நாழிகை கொண்ட ஒரு சிறுபொழுது அங்கே 11 நிமிடம் 40 விநாடியில் முடிந்துவிடும். நெய்தல் தலைவி எற்பாடு முழுவதும் இரங்கினாலும் அடுப்பில் வைத்த சோறு குழைவதற்குள் எழுந்துவிடலாம். படமெடுப்பவருக்கோ இது பெருந்துன்பம். விளக்கைச் சரிசெய்து, முகத்தைத் திருப்பி, தோழியைக் கூப்பிட்டு நிறுத்துவதற்குள் சூரியன் மறைந்திருக்கும். அங்கே எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது நம் 23 நிமிடம் 20 விநாடிக்கு ஒருமுறை, வானிலை மாறும். அந்த மாற்றம் முன்கூட்டியே கணக்கிடக் கூடியது. அடுத்த மழை எந்த நிலத்தில், எத்தனை மணிக்கு என்று பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். பட்டியல் பொய்ப்பதில்லை, நம் வானிலையாளர்கள் பொறாமைப்பட வேண்டிய இடம்.

நிலமும் குறைவில்லை. லா நோசியாவில் நெய்தல், கருங்கானகத்தில் முல்லை. பாலைக்குத் தனிநிலம் ஒதுக்காத தொல்காப்பியரை மீறித் தானலனில் மணல்வெளியே விரித்திருக்கிறார்கள். பனி மூடிய கொயர்தாஸுக்கு மட்டும் நம்மிடம் திணை இல்லை. புதிதாக வருபவர் திணை பிறழாமல் எடுக்கிறார்: பிரிவென்றால் பாலை, இரங்கலென்றால் கடற்கரை, கூடவே செவ்வானம். இலக்கணம் வழுவாத அத்தனை படமும் ஒன்றுபோலவே இருக்கும். திணைமயக்கம் தெரிந்தவர் படத்தைப் பாருங்கள். லிம்சா லொமின்சா என்னும் துறைமுக நகரின் கல்லணையில், ஆள் நடமாட்டமுள்ள பகலில், ரோகடின் என்னும் ஏழடி இனத்தார் ஒருவர் மணக்கோலத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். முதுகுதான் நமக்குத் தெரிகிறது. அழும் எமோட்டே தேவைப்படவில்லை.

மெய்ப்பாட்டுக்கு வருவோம். இப்படமெடுக்கும் துறையின் நுட்பமெல்லாம் தப்பான நேரத்தில் நிறுத்துவதில் இருக்கிறது. கையசைக்கும் எமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கை முழுதும் உயர்ந்த கணத்தில் உறையவைத்தால் அது ஊட்டிக்குப் போன படம். அதே கை இறங்கத் தொடங்கி, விரல் பாதி மடங்கி, முகத்துச் சிரிப்பு கலைந்தும் கலையாமலும் இருக்கும் கணத்தில் நிறுத்தினால், போனவர் திரும்பமாட்டார் என்பது தெரிந்துவிடும். கதையை எழுதியது விளையாட்டு நிறுவனமன்று, நிறுத்திய விரல். இனி, மழையில் கேரக்டரின் தோல் நனைந்து பளபளக்கும். கன்னத்தருகே ஒரு விளக்கைத் தாழ்த்தி வைத்து, வலிக்கான முகபாவத்தைக் கொடுத்து, கண்ணை மட்டும் கேமராவிலிருந்து விலக்கினால் அழுகை கிட்டும். ஆக, ஈயோர்சியாவில் அழுவதற்கு வேண்டியவை வலியும் மழையும். அழுகை வேண்டியதில்லை என்க.

‘அஃதேல், படத்தின் கீழே நாலு வரி எழுதிவிட்டால் போதாதோ?’ எனின், போதாது. அப்படி எழுதப்பட்ட வரிகளில் பெரும்பாலானவை படம் தோற்றதற்கான வாக்குமூலங்கள்.

இருவர் படம் தனி அதிகாரம் கோருவது. ஒரு மீட்டரை எட்டாத லாலாஃபெல் இனத்தாரை மேற்படி ரோகடின் அணைத்தால், கைகள் லாலாஃபெல்லின் தலைக்கு மேலே காற்றைத் தழுவும். குட்டையரைப் படிக்கட்டில் ஏற்று, அல்லது நெட்டையரைத் தரையில் உட்காரவை. மூன்றாம் வழி இல்லை.

இத்துறையில் கலைபேதமும் உண்டு. விளையாட்டு தந்த எமோட்டே கதி என்று கிடப்பவர் ஒரு கட்சி. தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகட்டும் என்றிருக்கும் மார்ஜார நியாயத்தார். வெளிக்கருவிகளைக் கொண்டு கேரக்டரின் எலும்பு எலும்பாகப் பிடித்து வளைப்பவர் மறுகட்சி. மர்க்கட நியாயத்தார், தாயைத் தாமே இறுகப் பற்றும் குரங்குக்குட்டிகள். வெளிக்கருவிகளை நிறுவனம் தன் விதிகளில் தடைசெய்திருக்கிறது. குரங்குக்குட்டிகள் பிடியை விடுவதாக இல்லை. பூனைக் காதும் வாலும் கொண்ட மிக்கோட்டே இனத்தாரை அதிகம் வளைப்பவர்களும் இவர்களே என்பது தத்துவச் சிக்கல்.

இக்கட்டுரையாளன் பூனைக் கட்சி. எலும்பு வளைத்த படங்களில் விரல் ஒவ்வொன்றும் சோகமாக இருக்கிறது, சுண்டுவிரல்கூட விம்முகிறது. உண்மையில் துயரப்படும் ஆளுக்குச் சுண்டுவிரலின் நினைப்பே இருக்காது. எதிர்க்கட்சியார் இதை மறுப்பார்கள். மறுப்பைப் படமாகவே அனுப்பலாம், கீழே விளக்கம் எழுதாமல்.